உடன்படிக்கைப் பெட்டியும் வெண்ணெய்நல்லூர் அடிமை ஓலையும்

உலகில் எந்த மதத்தை எடுத்துக் கொண்டாலும் அதன் நடுவில் ஒரு பெட்டி இருப்பதைக் காணலாம். சிலர் அதைக் கருவறை என்பார்கள். சிலர் பேழை என்பார்கள். சிலர் பெட்டகம் என்பார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். உள்ளே ஏதோ ஒரு மகத்துவம் இருக்கிறதென்று ஜனங்கள் நம்ப வேண்டும். அது இன்னதென்று அவர்கள் பார்க்கக் கூடாது. அதன் சாவி மாத்திரம் ஒரு சிறு கூட்டத்தாரிடம் பரம்பரையாய் இருந்துவர வேண்டும். இவ்வளவும் அமைந்துவிட்டால் அந்த இடத்தில் புரோகிதன் பிறந்துவிட்டான் என்று தெரிந்து கொள்ளலாம். ஆகவே எந்தப் பெட்டியைக் கண்டாலும், உள்ளே இருப்பது என்ன, அதைத் திறக்க உரிமையுடையவர் யார், உள்ளே இருக்கும் எழுத்து யாரைக் கட்டும் என்று கேட்பது அறிவுள்ள மனிதனுடைய கடமையாகும்.

இந்தக் கேள்விகளை யூதர்களுடைய உடன்படிக்கைப் பெட்டியைப் பார்த்தும், நம்முடைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சொல்லப்படும் அடிமை ஓலை வழக்கைப் பார்த்தும் கேட்டுப் பார்க்கலாம் என்று கருதுகிறோம். "எருசலேம் எங்கே, பெண்ணையாற்றங்கரை எங்கே?" என்று சிலர் நகைக்கக் கூடும். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அங்கேயும் ஒரு தஸ்தாவேஜு, இங்கேயும் ஒரு தஸ்தாவேஜு. அங்கேயும் பாட்டன் கையெழுத்து, இங்கேயும் பாட்டன் கையெழுத்து. இரண்டு இடத்திலும் அதற்குக் கட்டுப்பட வேண்டியவன் பேரன்.

யூதர்களின் வேதப்படி, எகிப்தில் அடிமைகளாய் இருந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் வெளியேறி, சீனாய் மலையடியில் தங்கள் கடவுளோடு ஓர் உடன்படிக்கை செய்து கொண்டார்களாம். அதன் கட்டளைகள் எழுதிய இரண்டு கற்பலகைகளை வைப்பதற்கு ஒரு பெட்டி செய்யப்பட்டது. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை ஒன்றரை முழம். மரத்தால் செய்து உள்ளும் புறமும் பொன் தகடு போர்த்தது. மேலே பொன்னால் ஒரு மூடி; மூடியின் இரு முனையிலும் சிறகு விரித்த இரண்டு கேருபீன் உருவங்கள். கடவுள் அந்த உருவங்களின் நடுவிலிருந்து பேசுவார் என்பது நம்பிக்கை. தமிழ் பைபிளில் இந்த மூடிக்குக் கிருபாசனம் என்று பெயர். திருவெண்ணெய்நல்லூர் சாமிக்கும் கிருபாபுரீசுவரர் என்றே பெயர். அங்கும் கிருபை, இங்கும் கிருபை. கிருபையின் கீழே என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இந்தப் பெட்டியைக் கையால் தொடக் கூடாது. பக்கத்து வளையங்களில் தண்டுகளைக் கோத்துத் தோளில்தான் சுமக்க வேண்டும். சுமக்கும் உரிமையும் லேவி கோத்திரத்தில் கோகாத்தியர் என்னும் ஒரு பிரிவாருக்கே உண்டு. அவர்களுங்கூட அதைத் தொட்டாலும் மூடாதிருக்கும் போது பார்த்தாலும் சாவார்கள் என்பது சட்டம். பெத்சிமேசு என்ற ஊரார் உள்ளே எட்டிப் பார்த்ததற்காகக் கடவுள் அவர்களை அடித்தார் என்று எழுதியிருக்கிறது. செத்தவர் தொகை சில படிகளில் எழுபது, சில படிகளில் ஐம்பதினாயிரத்து எழுபது. தாவீது ராஜா பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்தபோது மாடு இடறிற்றாம். பெட்டி விழுந்துவிடப் போகிறதே என்று ஊசா என்பவன் கையை நீட்டிப் பிடித்தான். அந்த இடத்திலேயே செத்தான். விழப்போன கடவுளின் பெட்டியைத் தாங்கியவனுக்குக் கிடைத்த கூலி இது. தொட்டால் சாவு என்று சொல்லப்படும் எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் அதைத் தொட்டுக் கொண்டே பிழைக்கும் ஒரு கூட்டம் இருந்தே தீரும் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது.

சரி, இவ்வளவு சக்தியுள்ள பெட்டி ஆபத்துக் காலத்தில் என்ன செய்தது? பெலிஸ்தரோடு போர் வந்தபோது பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டு போனார்கள். அன்று இஸ்ரவேலரில் முப்பதாயிரம் காலாட்கள் மாண்டார்கள் என்றும், பெட்டியே எதிரிகள் கையில் சிக்கிற்று என்றும் அவர்கள் வேதமே சொல்லுகிறது. பிறகு அது திரும்பி வந்து, சாலொமோன் கட்டிய கோயிலின் உள்ளறையில் வைக்கப்பட்டதாம். கி.மு. 586 வாக்கில் பாபிலோனிய ராஜா அந்தக் கோயிலை இடித்தான். அதற்குப் பிறகு பெட்டி என்னவாயிற்று என்பதற்கு யாதொரு ருஜுவும் இல்லை. இரண்டாவதாகக் கட்டிய கோயிலில் பெட்டியே கிடையாது; இருந்தது வெறும் அறை. ஆனாலும் அந்த வெறும் அறைக்குள் பிரதான ஆசாரியன் ஒருவன் மாத்திரம், ஆண்டுக்கு ஒரு நாள் மாத்திரம், நுழையலாம் என்ற கட்டு மட்டும் குறையவில்லை. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பாம்ப்பே எருசலேமைப் பிடித்து அந்த அறைக்குள் நுழைந்து பார்த்தபோது அங்கே விக்கிரகம் ஒன்றும் இல்லை என்று ரோமச் சரித்திரக்காரர் தாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பெட்டி போனபின்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அறைக்குக் காவல் நடந்தது என்றால், காவல் பெட்டிக்காகவா, காவற்காரர்களுக்காகவா என்பதை யோசித்துக் கொள்ளலாம்.

நிற்க. இதற்குப் பிறகு நடந்த ஒன்றை ஒப்புக் கொள்ளாவிட்டால் நாம் நேர்மை தவறினவர்களாவோம். கி.பி. 70-இல் ரோமர் இரண்டாம் கோயிலையும் இடித்தபின் யூதர்கள் தேசம் தேசமாய்ச் சிதறினார்கள். பலி கொடுக்கக் கோயில் இல்லை. ஆசாரியனுக்கு வேலை இல்லை. அப்போது அவர்களுக்கு மிஞ்சியது புஸ்தகம் ஒன்றுதான். ஆகவே அவர்கள் போன ஊர்களிலெல்லாம் ஜெப ஆலயங்கள் ஏற்படுத்தி, எருசலேமை நோக்கிய சுவரில் ஓர் அலமாரியை வைத்து, அதற்கே பழைய பெட்டியின் பெயரைக் கொடுத்தார்கள். அதற்குள் தோலில் கையால் எழுதிய மோசேயின் ஐந்தாகமச் சுருள்கள் இருக்கும். முன்னே திரை தொங்கும். அணையா விளக்கு எரியும்.

இங்கேதான் வித்தியாசம். பழைய பெட்டியைத் திறந்தால் சாவு. புதிய பெட்டி திறப்பதற்கென்றே ஏற்பட்டது. சனிக்கிழமை, திங்கட்கிழமை, வியாழக்கிழமைகளில் சுருளை வெளியில் எடுக்கிறார்கள். எழுத்துப் பக்கத்தை விரித்துத் தூக்கிச் சபையார் எல்லோரும் பார்க்கும்படி காட்டுகிறார்கள். பகுதி பகுதியாய் வாசித்து ஓராண்டில் ஐந்து ஆகமமும் முடிந்து மறுபடி தொடங்குகிறது. சனிக்கிழமை வாசிப்புக்குச் சபையிலிருந்து ஏழு பேரை முறையாக அழைக்கிறார்கள். செருப்புத் தைக்கிறவனும் அழைக்கப்படுவான். மீன் விற்கிறவனும் அழைக்கப்படுவான். பதின்மூன்று வயதான பையன் பெரியவனாகிவிட்டான் என்பதற்கு அடையாளமாக அங்கே நின்று வாசிப்பது வழக்கம். அதற்கும் முன்னே, பாபிலோனிலிருந்து திரும்பி வந்த காலத்தில், எஸ்றா என்பவர் தெருவிலே மேடை போட்டு, ஆண்களும் பெண்களும் கேட்க, காலை முதல் நடுப்பகல் வரை வாசித்ததாகவும், ஜனங்களுக்கு அர்த்தம் விளங்கும்படி சொல்லப்பட்டதாகவும் எழுதியிருக்கிறது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்மசூத்திரம் எழுதிய நாட்டில் வாழும் நாம் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டாமா?

நம் நாட்டில் எழுத்துக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைச் சைவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சிதம்பரம் கோயிலில் தேவார ஏடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தனவாம். ராஜராஜ சோழன் வந்து கேட்டபோது, பாடினவர்கள் மூவரும் நேரில் வந்தால்தான் அறையைத் திறக்க முடியும் என்று தில்லை தீட்சிதர்கள் சொன்னார்களாம். செத்துப் போனவர்கள் எப்படி வருவார்கள்? ராஜா மூவரின் விக்கிரகங்களையும் ஊர்வலமாய்க் கொண்டு வந்து நிறுத்தித் திறக்கச் செய்தானாம். திறந்து பார்த்தால் ஏடுகளின் மேல் கறையான் புற்று! பெரும்பகுதி அரிக்கப்பட்டுப் போயிற்று. திருமுறை கண்ட புராணம் கூறும் கதை இது. இந்தக் கதையைக் கடவுளின் திருவிளையாடல் என்று சொல்லிக் கொண்டு கண்ணீர் விடுகிறார்களே ஒழிய, பூட்டினவர் யார், சாவியை மறுத்தவர் யார் என்று கேட்பாரைக் காணோம். தமிழன் பாடிய பாட்டைத் தமிழன் கேட்காமல் பூட்டி வைத்ததனால் அதைக் கறையான் படித்து முடித்தது. அதே கோயிலின் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவதற்கு 2008-ஆம் ஆண்டிலுங்கூட அரசாங்க உத்தரவும் போலீஸ் காவலும் வேண்டியிருந்தன என்றால், அந்தப் பூட்டு எவ்வளவு கெட்டியானது என்று பாருங்கள்.

இனித் திருவெண்ணெய்நல்லூருக்கு வருவோம். கம்பரை ஆதரித்த சடையப்பரின் ஊர் என்றும், சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் என்றும் இதற்குப் பெருமை சொல்லுவார்கள். அந்தப் பெருமைகளைப் பற்றி நமக்கு இப்போது பேச்சில்லை. பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்ற பகுதி இந்த ஊரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறது. திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குப் புத்தூரில் கலியாணம். மணவறைக்கு ஒரு கிழப் பார்ப்பனர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தனென்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்து விடுகிறார். கிழித்தது நகல், அசல் என் ஊரில் இருக்கிறது என்று சொல்லிக் கிழவர் அவரைத் திருவெண்ணெய்நல்லூர் வேதியர் சபைக்கு இழுத்துச் செல்கிறார். அங்கே அசல் ஓலை வெளிவருகிறது. சபையின் காப்பிலிருந்த பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்திருக்கிறது. "தோற்றாய், அடிமை செய்" என்று தீர்ப்பாகிறது. அதன் பிறகு, "இந்த ஊர்தான் என்கிறீரே, உம்முடைய வீடு எங்கே?" என்று கிழவரைக் கேட்கிறார்கள். அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். வந்தவர் சிவன் என்று தெரிகிறது.

வக்கீல்களாய் இருக்கும் நமது தோழர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் பரிசீலனை செய்து பார்க்கட்டும். வாதியின் விலாசம் தெரியாது. தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விலாசமே கேட்கப்படுகிறது. வாதி சர்வ வல்லமையுள்ளவர். எந்த ஓலையையும் எந்தக் கையெழுத்தையும் நினைத்த மாத்திரத்தில் உண்டாக்கக் கூடியவர். அப்படிப்பட்டவர் கொண்டுவந்த தஸ்தாவேஜுக்குக் கையெழுத்து ஒப்புமை ஒரு ருஜுவாகுமா? இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் என்னவென்றால், அந்தச் சபையிலே ஒருவராவது, "பாட்டன் எழுதிக் கொடுத்தால் பேரன் எப்படி அடிமையாவான்?" என்று கேட்கவில்லை. கையெழுத்து உண்மையா பொய்யா என்பதைப் பற்றி விவாதம் நடந்ததே தவிர, நியாயம் உண்டா இல்லையா என்பதைப் பற்றி விவாதமே நடக்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தம்மை அடிமை என்று சொன்னதற்குச் சுந்தரர் சொன்ன ஆட்சேபணை என்ன? மனிதன் மனிதனுக்கு அடிமையாகலாமா என்பதல்ல. ஒரு பார்ப்பனர் இன்னொரு பார்ப்பனருக்கு அடிமையாவது எங்கும் கேட்டிராத சங்கதி என்பதுதான் அவர் வாதம். அப்படியானால் மற்றவர்கள் அடிமையாவது கேட்டிருந்த சங்கதி, வழக்கத்தில் உள்ள சங்கதி என்றுதானே ஆகிறது? புராணம் எழுதிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் சோழ ராஜ்யத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் அடிமை ஓலை கற்பனைப் பொருள் அல்ல. 1201-ஆம் ஆண்டில் பஞ்சத்தின் கொடுமையால் ஒரு வேளாளன் தன்னையும் தன் இரண்டு பெண் மக்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக் கொண்டதாகக் கல்வெட்டே இருக்கிறது. வாங்கியவர் கடவுள்! பஞ்சத்தில் சோறு போடாத கடவுள், பஞ்சத்தில் ஆளை விலைக்கு வாங்குகிறார். அந்தப் பெண் மக்களின் பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே அடிமைகள். புராணத்தில் சுந்தரருக்கு வந்த ஓலை அவரைக் கடவுளின் தோழனாக்கிற்று. கல்வெட்டில் வேளாளனுக்கு வந்த ஓலை அவன் சந்ததியைக் கோயில் குப்பை கூட்ட வைத்தது. முன்னதைப் பாட்டாகப் பாடுகிறார்கள். பின்னதைச் சுவரில் எழுதி மறந்துவிட்டார்கள்.

"அது அன்பினால் ஆன அடிமைத்தனம், ஆன்மா கடவுளுக்கு ஆட்பட்டது என்பதற்கு உருவகம்" என்று சைவப் புலவர்கள் பதில் சொல்லுவார்கள். நல்லது. அன்புக்கு ஓலை எதற்கு? சாட்சிக் கையெழுத்து எதற்கு? சபை எதற்கு? கலியாணத்தை நிறுத்தி வலுவில் இழுத்து வருவது எதற்கு? உருவகம் சொல்லுவதற்கு உலகத்தில் வேறு பொருளே அகப்படாமல், பரம்பரை அடிமைச் சீட்டே அகப்பட்டது எப்படி? எதை நாம் நியாயமென்று ஒத்துக் கொண்டிருக்கிறோமோ அதைத்தான் கடவுளுக்கும் நியாயமாகக் கற்பிக்கிறோம். அடிமைச் சீட்டு அநியாயம் என்ற உணர்ச்சி இருந்த ஒரு சமூகத்தில் இந்தக் கதை பிறந்தே இராது. மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயம், எஜமானே விடுதலை செய்தாலும் சூத்திரன் அடிமைத்தனத்திலிருந்து நீங்கமாட்டான், ஏனெனில் அது அவன் பிறவியிலேயே உள்ளது என்கிறது. ஓலை எழுதாமலே கட்டும் ஓலை அது.

இனி யூதர்களின் பெட்டியை இதே தராசில் போட்டுப் பார்ப்போம். நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக் கொள்ள நாம் தயாரில்லை. அவர்கள் சாசனத்தின் முதல் வாசகமே, உங்களை அடிமைத்தன வீட்டிலிருந்து விடுவித்த கடவுள் நான் என்ற கருத்தில் தொடங்குகிறது. விடுதலையில் தொடங்கும் சாசனம் என்ற அளவில் அது வெண்ணெய்நல்லூர் ஓலையைவிட மேலானதுதான். ஆனால், அந்த உடன்படிக்கையும் அன்று அங்கே நின்றவர்களை மாத்திரமல்ல, அங்கே இல்லாதவர்களையும் கட்டும் என்று உபாகமத்தில் எழுதியிருக்கிறது. இன்னும் கேளுங்கள். எபிரேய அடிமையை ஏழாம் வருஷம் விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் அதே சுருளில், அந்நிய ஜாதியாரிலிருந்து வாங்கிய அடிமைகளை உங்கள் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துப் போகலாம் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. தங்கள் கால் விலங்கை உடைத்த கதையையும், பிறர் காலில் பூட்டும் விலங்கையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

இதன் பலன் எங்கோ தூர தேசத்தில் அல்ல, நமக்குப் பக்கத்திலேயே கொச்சியில் தெரிந்தது. அங்கே மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. தரையில் நீலப் பூவேலைச் சீனத்து ஓடுகளும், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளும், அழகிய மரவேலை செய்த சுருள் பெட்டியும் உள்ள இடம். யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர ராஜா பாஸ்கர ரவி சுமார் ஆயிரமாண்டுக்கு முன்னே எழுபத்திரண்டு உரிமைகளைச் சந்ததியாய் அனுபவிக்க வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடுகளும் அங்கேதான் காக்கப்பட்டு வந்தன. ஒருவனுக்குப் பாட்டன் பெற்ற உரிமையின் ஏடு அது. மற்றொருவனுக்கு என்ன ஏடு என்று பார்த்தால், அதே ஆலயத்தில் மெசுக்ராரிம் என்று ஒரு வகுப்பார் இருந்தார்கள். விடுதலைச் சீட்டுப் பெற்றவர்கள் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். அதாவது, வெள்ளை யூதர் என்று தங்களைச் சொல்லிக் கொண்ட வியாபாரிகளின் வீட்டில் எப்போதோ அடிமைகளாயிருந்து விடுதலையானவர்களின் சந்ததியார். மதம் ஒன்று, வேதம் ஒன்று, வழிபாடு ஒன்று. ஆனாலும் இவர்கள் மற்றவர்களோடு பெஞ்சியில் உட்காரக் கூடாது. வெளி அறையிலோ தரையிலோ உட்கார வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த சுருளை வாசிக்க மற்றவர்களைப் போல் இவர்களை அழைப்பது கிடையாது. பெண் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

யூத சட்டப்படி விடுதலைச் சீட்டுப் பெற்று முழுக்குப் பெற்றவன் யூதனே. இப்படிப்பட்டவர்களைத் தள்ளி வைக்கக் கூடாதென்று 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோ நகரத்துப் பெரிய ரபி டேவிட் இபின் சிம்ரா கொச்சிக்குத் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது, பெஞ்சி மாத்திரம் கிடைக்கவில்லை. யூதருக்கு ஜாதியைக் கற்றுக் கொடுத்தது எந்த நாடு என்று சொல்லவும் வேண்டுமோ? எந்த மதம் இந்த நாட்டுக்குள் வந்தாலும் அதற்கு முதலில் பூணூல் மாட்டிவிடுவது நமது பிராமணீயத்தின் வழக்கமாயிருக்கிறது.

இந்த அநீதியை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) என்னும் வழக்கறிஞர். அவரே அந்த மெசுக்ராரிம் வகுப்பில் பிறந்தவர். கொச்சி சட்டசபையில் உறுப்பினராயிருந்தவர். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் அவர் தமது ஜெப ஆலயத்தில் உட்கார இடமில்லாதிருந்தார். வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் சத்தியாக்கிரகம் நடந்து, பெரியார் ஈ.வெ.ரா. இரண்டு முறை சிறை சென்றதை இந்நாடு அறியும். அதே தலைமுறையில், அதே மலையாள நாட்டில், சேலம் தமது ஆலயத்துக்குள்ளேயே அதே சத்தியாக்கிரக முறையைக் கையாண்டார். விலக்கப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். பல வருஷம் போராடினார். கட்டுகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. கடைசியில் அந்த வகுப்பாரும் பெட்டியின் முன் நின்று வாசிக்கும் நிலை வந்தது. 1948-இல் இஸ்ரேல் தேசம் ஏற்பட்டபின் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். இன்று மட்டாஞ்சேரியில் மிஞ்சியிருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முந்நூறு நானூறு வருஷம் யார் உட்காரலாம் என்று சண்டையிட்ட பெஞ்சிகள் இப்போது உட்கார ஆளில்லாமல் காலியாய்க் கிடக்கின்றன. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சீட்டு வாங்கிக் கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். பிறவிப் பெருமைக்கு இதைவிட நல்ல ஞாபகச் சின்னம் கட்ட யாராலும் முடியாது.

பெட்டியைத் திறந்து வைத்தவர்களும் முழுவதும் திறந்தார்கள் என்று சொல்லுவதற்கில்லை. வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுகிறவன் ஆரோன் வம்சத்தானும் அடுத்தவன் லேவி வம்சத்தானுமாய் இருக்க வேண்டும் என்ற பிறவி முறை இன்னும் வைதீக யூதரிடம் உண்டு. பெண்களைச் சுருளுக்கு அழைப்பதும் அவர்களிடம் பெரும்பாலும் இல்லை. 1935-இல் ஜெர்மனியில் ரெஜினா யோனாஸ் என்ற அம்மையார் முதல் பெண் ரபியாகப் பட்டம் பெற்றார். 1944-இல் ஹிட்லரின் ஆட்கள் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். பிறகு அமெரிக்காவில் 1972-இல்தான் சாலி பிரீசாண்டு என்ற அம்மையாருக்கு ஒரு மதப்பள்ளி ரபிப் பட்டம் கொடுத்தது.

அதே 1972-இல் நம் நாட்டில் என்ன நடந்தது? பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்ததை ஒட்டி, அர்ச்சகர் வேலை பரம்பரைச் சொத்தல்ல என்று 1970-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. சேஷம்மாள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1972-இல் பரம்பரை உரிமை ஒழிந்தது சரிதான் என்றது. ஆனால் ஆகமப்படி உரிய பிரிவார் தவிர மற்றவர் தொட்டால் விக்கிரகம் தீட்டாகும் என்ற நம்பிக்கையையும் ஏற்றுக் கொண்டது. பூட்டை உடைத்தார்கள், கதவைச் சாத்திவிட்டார்கள். ஊசாவின் கதை மறுபடியும் நடந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே தொட்டவன் செத்தான். இங்கே தொடப்பட்ட கடவுள் தீட்டாகிறார். 2021 ஆகஸ்டு மாதத்தில்தான் அரசுப் பயிற்சி பெற்ற பல ஜாதியாரான 24 பேருக்கு அர்ச்சகர் உத்தரவு கிடைத்தது. அதன்மேலும் வழக்குகள் நின்றபாடில்லை.

பகுத்தறிவுக்காரர்களுக்குக் கருவறையில் யார் மணியடித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். மணிச் சத்தத்தில் நமக்கு யாதொரு ஆசையுமில்லை. ஒரு மனிதன் தொட்டால் தீட்டு என்று எழுதிய ஓலை எங்கே இருந்தாலும், அது கல்லிலிருந்தாலும், கோர்ட்டுத் தீர்ப்பிலிருந்தாலும், அதைக் கிழிப்பது நமது வேலை என்பதுதான் இதற்குப் பதில். கிழித்த வகையில் நமக்கு முன்னோடி சுந்தரர்தான். கலியாணப் பந்தலில் ஓலையைக் கிழித்த சுந்தரரை நாம் பாராட்டுகிறோம். அசலுக்கு அடிபணிந்த சுந்தரரைத்தான் பாராட்ட முடியவில்லை.

செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் கட்ட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தானே எஜமான் என்று தாமஸ் பெயின் 1791-இல் எழுதிய "மனிதனின் உரிமைகள்" என்ற நூலில் வாதாடினார். இது இன்று வெறும் அபிப்பிராயமாக நிற்கவில்லை. இந்தியாவில் 1843-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் அடிமையுரிமையைக் கோர்ட்டுகள் ஒப்புக் கொள்ளாதபடி செய்தது. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒருவன் தன் முன்னோரிடமிருந்து தன்மேல் வந்த கடப்பாட்டுக்காக உழைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டால் அதுவும் கொத்தடிமைதான் என்று அது விளக்கம் கூறுகிறது. ஆகவே அந்தக் கிழவர் இன்றைக்குத் தமது மூல ஓலையை எடுத்துக் கொண்டு விழுப்புரம் கோர்ட்டுக்கு வந்தால் தீர்ப்புக் கிடைக்காது. அவர்மீதே வழக்குப் பதிவாகும். கடவுள் செய்ததும் மனிதன் செய்ததும் ஒன்றாயிருந்தால், மனிதனுக்குக் குற்றமாவது கடவுளுக்கு மாத்திரம் கிருபையாகுமா?

சட்டம் வந்துவிட்டதனால் ஓலை ஒழிந்துவிட்டது என்று எண்ணி விடவும் வேண்டாம். அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளை செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் காட்டிலும் கிடந்து உழலும் கொடுமையிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுவரும் செய்தி நம் வட மாவட்டங்களில் இன்னும் வந்து கொண்டுதான் இருக்கிறது. இங்கே ஓலை இல்லை; ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அதுவும் ஒரு பெட்டியில்தான் இருக்கிறது. அதன் சாவியும் எஜமானிடந்தான் இருக்கிறது. படிக்கத் தெரியாதவன் அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்கக் கூடாது. பாட்டன் ஓலைக்குப் பேரன் அடிமையானதை ஆண்டுதோறும் கதையாகக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக் கொள்ளும் ஜனங்களுக்கு, அப்பன் கடனுக்கு மகன் அடிமையாவது அநியாயமாகத் தோன்றாததில் ஆச்சரியம் என்ன?

ஆதலால் பொதுமக்களுக்கு நாம் சொல்லிக் கொள்ளுவது இதுதான். எந்த மதத்தாருடைய பெட்டியாயிருந்தாலும் சரி, திறக்கச் சொல்லுங்கள். திறக்கமாட்டேன் என்றால் உள்ளே கறையான் இருக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை என்று தெரிந்து கொள்ளுங்கள். திறந்தால், உங்களுக்குத் தெரிந்த பாஷையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால், அது உங்கள் புத்திக்கும் மானத்துக்கும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் எழுதியவன் யாராயிருந்தாலும் வைத்துக் கொள்ளுங்கள். ஒத்திராவிட்டால் கையெழுத்து உங்கள் பாட்டனுடையதேயானாலும் கிழித்தெறியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வைத்துப் போக வேண்டியது பூட்டிய பெட்டியல்ல. எதையும் திறந்து பார்க்கும் துணிவேயாகும்.